தலையில் அடிபட்ட பிறகு ஒரு பெண்ணின் உடம்பும் மனசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்காவுக்குத் தலையில் அடிபட்டபோது வயது 31. மாமாவின் வண்டியில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். முந்தானை சக்கரத்தில் சிக்கி இழுத்துவிட்டது. ஹெல்மெட் மாமா தலையில் இருந்தது, அவள் தலையில் இல்லை. பதினோரு நாள் ஐசியூ, ஒரு ஆபரேஷன், மூன்று மாதம் பிசியோதெரபி. டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்த ஃபைலில் அவள் மண்டைக்குள் நடந்தது பக்கம் பக்கமாக இருந்தது. கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது, ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவள் கர்ப்பம் ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, ராத்திரி தூங்குகிறாளா, தனியாக அழுகிறாளா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கும் அதையெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் ஒன்பது வருடமாக ஓ.பி. வரிசையிலும் பிசியோதெரபி வாசலிலும் போனிலும் பெண்கள் என்னிடம் கேட்டதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவள். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் சொன்ன பிறகுதான்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் எனக்குத் தலைவலி, மறதி, சின்னச் சத்தம்கூடத் தாங்க முடியவில்லை. வீட்டில் நடிக்கிறேன் என்கிறார்கள்.

நீங்கள் நடிக்கவில்லை. அவசரத்தில் எடுக்கிற சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா, உடனே ஆபரேஷன் வேண்டுமா என்று பார்ப்பதற்கானது. மூளைக்குள் நரம்பு இழைகள் குலுங்கி இழுபட்டிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியாது. 'லேசான காயம்' என்று எழுதியிருப்பதையும் புரிந்துகொள்ளுங்கள். 1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் இருவர் உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை போடுவார்கள். 13 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. அது அந்த முதல் சில மணி நேரத்துக்கான மார்க். அதற்குப் பிந்தைய ஆறு மாதம் உங்களுக்கு எப்படிப் போகும் என்று அது சொல்லாது.

லேசான காயத்தில் பெரும்பாலானவர்கள் சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் அதிக நாள் ஆகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கழுத்துத் தசையின் பலம் ஒரு காரணமாக இருக்கலாம், ஹார்மோன் இன்னொன்று. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 2014-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மாதச் சுழற்சியின் பின்பாதியில் அடிபட்ட பெண்கள் ஒரு மாதம் கழித்தும் அதிகம் சிரமப்பட்டார்கள். அந்த நாட்களில் உயர்ந்திருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அடியால் திடீரென்று சரிவதுதான் காரணமோ என்று யோசிக்கிறார்கள். சரி, அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டால் மூளை தேறுமா? அதே 2014-இல் இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு வந்தது, கடுமையாக அடிபட்டவர்களுக்குப் பலன் இல்லை. அதனால் 'ஹார்மோன் போட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதல் ஓரிரு நாள் நன்றாக ஓய்வு எடுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடை, வேலை. வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்திருப்பது நல்லதில்லை. தலைவலி மாத்திரையை வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் போட்டுப் பழகினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், எழுப்பினாலும் தூக்கம் கலையாவிட்டால், ஃபிட்ஸ் வந்தால், கைகால் ஒருபக்கம் துவண்டால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது. மூன்று வாரத்துக்கு முன் பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்தார். இப்போது பேச்சு குழறுகிறது. வயசுதான் காரணமா?

இன்றே ஸ்கேன் எடுங்கள். வயதானவர்களுக்கு, அதிலும் இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து சேர்ந்து, வாரங்கள் கழித்து இப்படிக் காட்டும். நேரத்தில் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியது.

அடிபட்டு ஐந்து மாதம் ஆகிறது. மாதவிடாய் வரவேயில்லை. 'அதிர்ச்சியில் நின்றிருக்கும், தானாக வரும்' என்கிறார்கள். காத்திருக்கலாமா?

அக்காவுக்கு ஏழு மாதம் வரவில்லை. 'இருக்கிற கஷ்டத்தில் இந்தத் தொல்லையாவது இல்லாமல் போச்சே' என்று அம்மா சொன்னபோது நானும் தலையாட்டினேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

மாதவிடாயை நடத்துவது கர்ப்பப்பை மட்டும் இல்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே ஒரு மெல்லிய காம்பில் தொங்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி, அப்புறம் சினைப்பை. இந்த மூன்றும் பேசிக்கொண்டால்தான் மாதாமாதம் வரும். தலை வேகமாக ஆடி நிற்கும்போது அந்தக் காம்பும் அதன் ரத்தக்குழாயும் அடிபடலாம். நடுத்தர, கடுமையான காயத்துக்குப் பிறகு மாதவிடாய் நிற்பதும் தாறுமாறாவதும் மிகவும் சகஜம். கனடாவின் டொரொன்டோவில் ஆஞ்சலா கொலான்டோனியோவின் குழு, அடிபட்டு 5 முதல் 12 வருடம் ஆன 104 பெண்களிடம் கேட்டு 2010-இல் எழுதியது. அடிபடாத பெண்களைவிட இவர்களிடம் மாதவிடாய்க் கோளாறு தெளிவாக அதிகம் இருந்தது. பலருக்குச் சில மாதத்தில் தானாகத் திரும்பிவிடுகிறது. ஆனாலும் மூன்று மாதத்துக்கு மேல் வரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் முதல் டெஸ்ட். அடுத்து, சாப்பிடுகிற மாத்திரைகளைப் பாருங்கள். கோபத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் போன்றவை புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டி மாதவிடாயை நிறுத்தும், சிலருக்கு மார்பில் பால்கூட வரும். அதன்பின் ரத்தப் பரிசோதனை: சினைப்பையை இயக்குகிற எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரோஜென், புரோலாக்டின், தைராய்டு, காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்டிசோல் (உடம்பு நோயைத் தாங்க உதவும் ஹார்மோன்). தைராய்டில், அதை வேலை வாங்க பிட்யூட்டரி அனுப்புகிற டி.எஸ்.எச். ஹார்மோனை மட்டும் பார்த்தால் போதாது. பிட்யூட்டரியே அடிபட்டிருந்தால் டி.எஸ்.எச். நார்மலாகக் காட்டலாம், ஆனால் தைராய்டு ஹார்மோன் குறைவாக இருக்கும். தைராய்டு ஹார்மோனையே அளக்கிற ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். அக்காவுக்கு அப்படித்தான் தப்பிப் போனது. முதல் லேப் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி என்று இருந்தது. இரண்டாவது முறை ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் எழுதிய பிறகுதான் பிடிபட்டது.

பிட்யூட்டரி அடிபட்டிருப்பது வேறு எப்படித் தெரியும்?

எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. எழுந்தால் தலைசுற்றல். மே மாதத்திலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்வது. காரணமில்லாமல் எடை கூடுவது அல்லது குறைவது, தாம்பத்திய நாட்டம் அறவே போய்விடுவது, ஓயாத தாகமும் ஓயாமல் சிறுநீரும். இவையெல்லாம் 'தலையில் அடிபட்டால் அப்படித்தான்' என்ற கணக்கில் போய்விடுவதால் யாரும் தேடுவதில்லை. நடுத்தர, கடுமையான காயம் பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தச் சுரப்பியில் ஏதாவது குறை இருக்கிறது. கார்டிசோல் குறைவுதான் இதில் ஆபத்தானது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே பிரச்சினையாகும். குறையைக் கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையால் ஈடுகட்டலாம். அக்கா மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் தானாக எழுந்து வந்து, 'காபி போடட்டுமா' என்று கேட்டாள். சமையல்கட்டுப் பக்கம் அவள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுகிறேன். கருத்தடை மாத்திரையும் சாப்பிடலாமா?

எந்த ஃபிட்ஸ் மாத்திரை என்பதைப் பொறுத்தது. இதை யாரும் சொல்லாததால் எத்தனையோ பெண்கள் தெரியாமல் கர்ப்பமாகியிருக்கிறார்கள்.

எப்டாயின் என்று நாம் சொல்கிற ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவை ஈரலை வேகமாக வேலை செய்ய வைக்கும். அதனால் கருத்தடை மாத்திரையின் ஹார்மோன் சீக்கிரம் கரைந்துபோய்ப் பாதுகாப்பு குறையும். கையில் வைக்கிற இம்ப்ளான்டுக்கும், அவசரத்துக்குப் போடுகிற மாத்திரைக்கும் இதே பிரச்சினைதான். காப்பர்-டிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஹார்மோன் வைத்த கருப்பைச் சாதனமும் வேலை செய்யும், மாதவிடாய் ரத்தப்போக்கையும் குறைக்கும். அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியையும் இந்த மாத்திரைகள் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் அந்த ஊசியும் ஃபெனிட்டாயினும் இரண்டுமே எலும்பைத் தேய்க்கக்கூடியவை. சேர்த்து வருடக்கணக்கில் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். லாமோட்ரிஜின் என்ற இன்னொரு ஃபிட்ஸ் மாத்திரையில் கதை தலைகீழ். ஈஸ்ட்ரோஜென் உள்ள கருத்தடை மாத்திரை அதன் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், ஃபிட்ஸ் திரும்ப வரலாம்.

இன்னொன்று. மாதவிடாய் இன்னும் வரவில்லை, அதனால் கர்ப்பம் ஆகாது என்று நினைக்காதீர்கள். கருமுட்டை முதலில் வெளிவரும், அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய் வரும். அந்த இடைவெளியில் உண்டானவர்களை எனக்குத் தெரியும்.

மாத்திரை இன்னும் தேவையா என்பதையும் ஒருமுறை கேளுங்கள். கடுமையான தலைக்காயம் பட்டவர்களுக்கு முதல் ஏழு நாள் ஃபிட்ஸ் வராமல் தடுப்பதற்கென்று ஃபெனிட்டாயின் தொடங்குவது வழக்கம். ஃபிட்ஸே வராத சிலருக்கு, யாரும் நிறுத்தச் சொல்லாததால் அது மூன்று வருடம், நாலு வருடம் ஓடிக்கொண்டிருக்கும். ஈறு வீங்குவது, முகத்தில் முடி வளர்வது என்று பெண்களைக் கூனிக் குறுக வைக்கிற பக்கவிளைவுகள் அதற்கு உண்டு. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் விடாமல் வந்து உயிரே போகலாம்.

நான் இனி குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். டொரொன்டோ ஆய்வில், கருத்தரிப்பதில் அடிபட்ட பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடிபட்டவர்கள் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. உடம்பு மட்டும் அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கணவர் விலகிப் போவதும், 'இவளுக்கு எதுக்கு இனிமே' என்ற பேச்சும் எத்தனை வீடுகளில் காரணமாக இருக்கின்றன என்று நான் பார்த்திருக்கிறேன்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கிறபோதே நரம்பியல் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். நாள் தள்ளிய பிறகு என்றால் தாமதம். வால்ப்ரோயேட் என்ற ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் அந்த மருந்து பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறை வருகிறது. மற்றவர்களில் அது இரண்டு மூன்று பேருக்குத்தான். அந்த மருந்து பட்டவர்களில் நூற்றுக்கு 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்குகின்றன. லெவெடிரசெட்டாம், லாமோட்ரிஜின் போன்றவை இதைவிடப் பாதுகாப்பானவை. மாற்றுவதற்குச் சில மாதம் பிடிக்கும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் முன்கூட்டியே தொடங்கச் சொல்வார்கள். கர்ப்பம் வளர வளர ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும் என்பதால் டோஸைத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

தலையில் ஆபரேஷன் நடந்தது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. மண்டைக்குள் சேரும் நீரை வடிக்கிற ஷன்ட் குழாய் வைத்திருந்தால் பிரசவத்துக்குப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

குழந்தை பிறந்து இரண்டு மாதம். பால் கொடுத்தேனா இல்லையா என்றே மறந்துவிடுகிறது. நான் மோசமான அம்மாவா?

இல்லவே இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் தலைக்காயம் பட்ட பெண்களுக்கு மற்றவர்களைவிடக் கடினமாக இருக்கின்றன என்று டொரொன்டோ ஆய்வே சொல்கிறது. தூக்கம் இல்லாமை, ஹார்மோன் சரிவு, மறதி மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. ஒரு பெண் செய்ததைச் சொல்கிறேன். ரவிக்கையில் ஒரு ஊக்கு குத்திவைத்திருப்பாள். இடப்பக்கம் கொடுத்து முடித்ததும் ஊக்கை வலப்பக்கம் மாற்றுவாள். தொட்டில் கயிற்றில் ஒரு சிலேட்டு, அதில் மணியை எழுதுவாள். அவ்வளவுதான். குழந்தை நன்றாக வளர்ந்தது.

ஃபிட்ஸ் வருகிறவர் என்றால் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பால் கொடுங்கள். தனியாகக் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். ராத்திரியில் ஒரு வேளை பாலையாவது வேறு யாராவது புகட்டட்டும், தொடர்ந்து தூக்கம் கெட்டால் ஃபிட்ஸ் வரும். பெரும்பாலான ஃபிட்ஸ் மாத்திரைகளோடு தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தையைப் பார்த்தாலே வெறுப்பு வருகிறது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மனநல உதவிக்கான டெலி மனஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

மகளுக்கு 19 வயது. மாதவிடாய் நாட்களில் அவளால் தானாகச் சுத்தம் செய்துகொள்ள முடியவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

உங்கள் களைப்பு புரிகிறது. ஆனாலும் இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 10-ஆவது பிரிவு, அவரே விளங்கிக்கொண்டு மனமார ஒப்புக்கொள்ளாமல் குழந்தை பெறும் திறனை அழிக்கிற எந்தச் சிகிச்சையும் மாற்றுத்திறனாளிக்குச் செய்யக்கூடாது என்கிறது. தலைக்காயம் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறக்கூடியது. இன்று முடியாதது மூன்று வருடம் கழித்து முடியலாம், எடுத்த கர்ப்பப்பை திரும்ப வராது.

மாற்று வழிகள் இருக்கின்றன. ஒட்டுகிற நாப்கினைவிட உள்ளாடை மாதிரி மாட்டுகிறவை ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு எளிது. மாற்ற வேண்டிய நேரத்துக்குப் போனில் அலாரம் வைக்கலாம், ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் அதே வரிசையில் பொருட்களை எடுத்துவைத்து அதே வார்த்தையில் சொல்லித் தரலாம். ரத்தப்போக்கு அதிகம் என்றால் குறைப்பதற்கு மருந்தும் ஹார்மோன் சாதனமும் உண்டு. மாற்றிவிடும்போது கதவைச் சாத்துங்கள், 'இப்போ மாத்தப் போறேன்மா' என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பதில் பேசாதவளுக்கும் அது கேட்கும்.

தாம்பத்தியம் பற்றி யாரிடம் கேட்பது?

மகப்பேறு மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ தனியாகக் கேளுங்கள், அவர்களுக்கு இது புதிதில்லை. நாட்டம் குறைவது ஹார்மோனால் இருக்கலாம், மனச்சோர்வாலோ சாப்பிடுகிற மாத்திரையாலோ வெறும் அசதியாலோ இருக்கலாம். வலி இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணவர்மார்களுக்கு ஒன்று: காலையிலிருந்து குளிப்பாட்டி, உணவு ஊட்டி, கழிப்பறைக்குக் கூட்டிப்போன கை ராத்திரி வேறு மாதிரித் தொடும்போது அவள் குழம்பிப்போகிறாள். முடிந்தால் அந்த வேலைகளில் சிலவற்றுக்கு வேறு பெண் உதவியாளர் இருக்கட்டும். அவள் சரி என்று சொன்னாலொழிய எதுவும் இல்லை. சொல்லத் தெரியாத நிலையில் இருக்கிறாள் என்றால் அப்போதும் இல்லைதான்.

எப்போது சமையலறைக்குத் திரும்பலாம்?

முதலில் மூக்கைச் சோதியுங்கள். கண்ணை மூடச் சொல்லிக் காப்பித்தூள், பெருங்காயம், மல்லித்தழை என்று ஒவ்வொன்றாக நீட்டுங்கள். தலையில் அடிபட்டவர்களில் கணிசமான பேருக்கு வாசனை தெரிவதில்லை, பலருக்கு அது போனதே தெரியாது. அக்காவுக்கும் போய்விட்டது. கேஸ் கசிந்தாலும், பால் தீய்ந்தாலும், குழம்பு ஊசிப்போனாலும் அவளுக்குத் தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் சிலிண்டர் ரெகுலேட்டரை ஒவ்வொரு தடவையும் அணைத்துவிடுவோம். ஃபிரிட்ஜில் இருக்கிற டப்பா ஒவ்வொன்றிலும் தேதி இருக்கும். கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றும் மாட்டியிருக்கிறோம். குக்கர் விசிலை எண்ணுவது நினைவில் நிற்காததால் அவள் ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தட்டில் போடுவாள்.

அடுத்து பார்வை. ஒருநாள் காலையில் அக்கா வாசலில் ஏழு புள்ளிக் கோலம் போட்டாள். வலப்பக்கம் கோடு அவ்வளவு நேர்த்தி, இழை பிசகவில்லை. இடப்பக்கம் புள்ளிகள் மட்டும் அப்படியே கிடந்தன. எழுந்து நின்று பார்த்து, 'நல்லா வந்திருக்குல்ல?' என்று கேட்டாள். அவள் கண்ணில் கோளாறு இல்லை. மூளையின் வலப்பாதியில் அடிபட்டால் உலகத்தின் இடப்பாதி கவனத்திலேயே விழாமல் போகும். தட்டில் இடப்பக்கச் சோறு மிஞ்சும், இடக்கைச் சட்டை போடாமல் விட்டுப்போகும். அப்படிப்பட்டவர் இடது அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதை மறப்பார். செயல்முறை மருத்துவரிடம், அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் இடது ஓரத்தில் பளிச்சென்ற ஒரு நாடாவை ஒட்டி, அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று பழக்குவார்கள். அக்காவுக்குச் சிவப்பு ரிப்பன். கோலம் முழுசாக வர ஒன்றரை வருடம் ஆனது.

முன்பெல்லாம் குரலே உயர்த்தாதவள், இப்போது தட்டைத் தூக்கி எறிகிறாள். ஊரில் 'காத்து கருப்பு' என்கிறார்கள்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் வாயில் வந்ததைச் சொல்லாமல் நிறுத்துகிறது, கோபத்தைப் பிடித்துவைக்கிறது. விபத்துகளில் அதிகம் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று. கோவிலுக்கோ தர்காவுக்கோ போய்க் கும்பிட்டு வருவதில் தவறில்லை, மனசுக்குத் தெம்பு கிடைக்கும். கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது, மாத்திரையை நிறுத்துவது கூடவே கூடாது. கோபம் பெரும்பாலும் அசதியிலும் இரைச்சலிலும் வரும். டிவி, மிக்சி, மூன்று பேர் ஒரே நேரத்தில் பேச்சு என்று இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தலைக்காயத்துக்குப் பிறகு அது ரொம்பச் சகஜம், மருந்துக்கும் மனநல ஆலோசனைக்கும் கட்டுப்படும்.

எனக்கு விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் கணவர் பலமுறை என் தலையைச் சுவரில் மோதியிருக்கிறார். இப்போது எனக்கும் இந்த மறதியெல்லாம் இருக்கிறது.

நீங்கள் கேட்டது நல்லது. அதுவும் மூளைக் காயம்தான். கழுத்தை நெரித்தால் மூளைக்கு ரத்தமும் காற்றும் தடைபடும். வெளியே ஒரு தழும்புகூட இல்லாமல் உள்ளே சேதம் ஆகலாம். 'பாத்ரூமில் விழுந்துட்டேன்' என்று சொல்லி வந்தால் டாக்டர் வேறு எதையோ தேடுவார். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எத்தனை முறை, எங்கே அடிபட்டது, நினைவு தப்பியதா, கழுத்தை நெரித்தாரா என்பதைச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181. மாவட்டந்தோறும் இருக்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்ட உதவி, தற்காலிகமாகத் தங்க இடம் மூன்றும் கிடைக்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த வீட்டிலேயே பாதுகாப்போடு குடியிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வெளியேறுவதா, எப்போது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அதுவரை தலையில் அடுத்த அடி விழாமல் இருப்பதுதான் முக்கியம்.

நான் வீட்டில்தான் இருக்கிறேன், சம்பளம் இல்லை. விபத்து இழப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும். வீட்டு வேலைக்கு மதிப்புப் போட்டு இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் விரிவாகச் சொன்னது. அரசின் 2019 நேரக் கணக்கெடுப்பை அதில் எடுத்துக்காட்டினார்கள்: சம்பளமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதே நீதிமன்றத்தில் 2020-இல், 12 வயதில் மூளைக் காயம் பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், அவளைக் காலம் முழுவதும் பார்த்துக்கொள்ள இரண்டு உதவியாளர்களுக்கு ஆகும் செலவைத் தனியாகக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். எனவே உங்களைப் பார்த்துக்கொள்கிறவரின் உழைப்பையும் மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி), டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று வந்திருக்கிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. மாற்றுத்திறனாளி அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். நடை, பேச்சு, அறிவுத்திறன், மனநலம் என்று எதில் குறை இருக்கிறதோ அதையெல்லாம் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள். கைகால் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் நினைவாற்றல் சோதனையைக் கேளுங்கள்.

செலவுக்கு வழியில்லை. எங்கே போவது?

தமிழ்நாட்டில் சாலை விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தருகிற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் பொருந்தும். அதன்பின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். மறுவாழ்வுக்கு சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவை இருக்கின்றன. அலைய முடியாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடிபட்டு இருபது வருடம் ஆகிறது. இப்போது மாதவிடாய் நிற்கிற வயது. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

எலும்பை. பல வருடம் ஃபிட்ஸ் மாத்திரை, வெயிலில் நடமாட்டம் இல்லாமை, ஈஸ்ட்ரோஜென் குறைவது எல்லாம் சேர்ந்தால் ஒரு சின்ன விழுதலில் இடுப்பெலும்பு உடையும். வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி பாருங்கள். மறதியும் தூக்கமின்மையும் இந்த வயதில் கூடினால் எல்லாவற்றையும் பழைய காயத்தின் மேல் போட்டுவிடாதீர்கள், மெனோபாஸும் அதே வேலையைச் செய்யும். மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனையும் உங்களுக்கும் உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களை அந்தப் பரிசோதனைக்கு யாரும் கூப்பிடுவதே இல்லை, நீங்களே கேட்டு வாங்குங்கள்.

டாக்டரிடம் போனால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. எல்லாம் மறந்துவிடுகிறது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாதவிடாய் வந்த தேதி, ஃபிட்ஸ் வந்த தேதி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். சிலருக்கு மாதவிடாயை ஒட்டித்தான் ஃபிட்ஸ் வரும், அதை இந்த நோட்டு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். தூங்கிய மணி, தலைவலி மாத்திரை எத்தனை என்பதும் இருக்கட்டும். கேட்க வேண்டியதில் முக்கியமான மூன்றை மட்டும் முதல் நாள் ராத்திரியே எழுதி, டாக்டர் மேஜையில் வைத்துவிடுங்கள். எழுதுவது பாதிக்கப்பட்ட பெண்ணாகவே இருக்கட்டும், எழுத்து கோணலாக இருந்தால் என்ன. அக்காவின் முதல் நோட்டில் எல்லா வரியும் பக்கத்தின் நடுவிலிருந்துதான் தொடங்கும். ஏழாம் பக்கத்தில் அவள் தானாக எழுதிய முதல் கேள்வி இருக்கிறது: 'நான் வேலைக்குப் போகலாமா டாக்டர்?' அதை அவளிடம் அதுவரை நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.